ஆறா, ஏழா? மருத்துவ நூலகத்துக்கு வரும் மரபணுக் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் என் மேசைக்கு வரும் கேள்விகள் கொஞ்ச காலமாக மாறிவிட்டன. முன்பெல்லாம் "இந்தக் கட்டுரையோட பிடிஎஃப் கிடைக்குமா மேடம்", "தீசிஸுக்கு ரெஃபரன்ஸ் வான்கூவர் முறையில இருக்கணுமாம், பார்த்துச் சொல்றீங்களா" என்ற அளவில்தான் இருக்கும். இப்போது நோயியல் துறையில் மேற்படிப்பு படிக்கும் ஒரு டாக்டர் மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்து, "எங்க புத்தகத்துல ஆறாவது இடம்னு போட்டிருக்கு. இந்த டேட்டாபேஸ்ல ஏழுன்னு இருக்கு. எதை எழுதுறது மேடம்?" என்று கேட்கிறார்.

அவர் கேட்டது அரிவாள் செல் சோகை பற்றி. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்தால் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சிவப்பணு வளைந்துபோகும். 1950களில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் இதைக் கண்டறிந்தபோது மரபணுவைப் படிக்க வழியே கிடையாது. புரதத்தைத்தான் நொதியால் வெட்டித் துண்டு துண்டாக ஒப்பிட்டுப் பார்த்தார். ரத்தத்தில் இருக்கும் அந்தப் புரதத்தில் தலைப்பக்க அமினோ அமிலமான மெத்தியோனின் இருக்காது. தயாரிப்பின்போதே செல் அதைக் கழற்றிவிடும். ஆகவே அந்தக் காலத்து எண்ணிக்கையில் அது சேரவில்லை. இன்றைய பெயரிடல் விதியோ மரபணுவின் தொடக்கக் குறியீட்டிலிருந்து எண்ணுகிறது. அந்த மெத்தியோனின்தான் ஒன்று. ஆறு இப்படித்தான் ஏழானது. இரண்டும் சரி. ஆனால் ஆய்வேட்டில் இரண்டில் எந்த முறை என்று சொல்லாமல் எழுதினால் தப்பு.

விவகாரம் அதோடு முடிவதில்லை. அதே மாற்றம் 11ஆம் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று தேடினால், 2009இல் வந்த மனித மரபணுத்தொகுதி (ஜீனோம்) வரைபடத்தின் பதிப்பான ஜி.ஆர்.சி.ஹெச். 37இல் 52,48,232ஆவது எழுத்து. 2013இல் வந்த 38ஆம் பதிப்பில் 52,27,002. நோயாளியின் உடம்பில் எதுவும் நகரவில்லை. வரைபடத்தைத் திருத்தியபோது முகவரி மாறிவிட்டது. மேலும் பீட்டா குளோபின் மரபணு டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதிர் இழையில் இருக்கிறது. அதனால் மரபணுவின் போக்கில் படிப்பவர் ஏ என்ற எழுத்து டி ஆனது என்று எழுதுவார். குரோமோசோமின் போக்கில் படிக்கும் மென்பொருள் டி என்பது ஏ ஆனது என்று காட்டும். இவை போதாதென்று மரபணு மாற்றங்களுக்கு எண் கொடுத்து வைக்கும் டிபிஎஸ்என்பி தரவுத்தளத்தில் இதற்கு ஆர்எஸ்334 என்று ஓர் எண்.

இந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதன்முதலாகப் பதிவானதே நம் நீலகிரியில்தான், 1952இல், மலைப் பழங்குடி மக்களிடம். 2023 ஜூலையில் அரிவாள் செல் சோகை ஒழிப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கிய பிறகு, அதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவம் தெரியும். ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். அவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் வேறு. ஒரு பொருளுக்கு ஐந்தாறு பெயர். ஒரு முகவரிக்கு இரண்டு பதிப்பு. எந்தப் பெயரில் தேடினால் எது விட்டுப்போகும் என்ற கணக்கு. இதில் ப்ரோகிராமிங் இல்லை, புள்ளியியல்கூட இல்லை. புனைபெயரில் எழுதியவரும் இயற்பெயரில் எழுதியவரும் ஒரே ஆள் என்று அட்டவணையில் 'காண்க' அட்டை போட்டு இணைப்பது நூலகப் படிப்பில் முதல் வருடப் பாடம். உயிர்த்தகவலியல் (பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்) என்றாலே கணிப்பொறிக்காரர்களின் துறை என்று ஒதுங்கிக்கொண்ட நூலகர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதன் அடித்தளத்தில் பாதி நம்முடைய தொழில்தான்.

வரலாறும் அப்படித்தான் சொல்கிறது. 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மார்கரெட் டேஹாஃபும் அவருடைய குழுவினரும் அதுவரை வரிசை கண்டறியப்பட்ட புரதங்களையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டினார்கள். மொத்தமே 65 புரதங்கள். அந்தத் திரட்டு அச்சடித்த புத்தகமாக வந்தது. இன்று நாம் தரவுத்தளம் என்று சொல்வதன் முன்னோர் நூலக அலமாரியில் வரிசை எண்ணோடு உட்கார்ந்திருந்த ஒரு புத்தகம். அமினோ அமிலம் ஒவ்வொன்றையும் ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கும் வழக்கமும் டேஹாஃப் தந்ததுதான். கணினியில் இடத்தையும் துளை அட்டையையும் மிச்சம் பிடிக்க எழுந்த யோசனை அது. அதைப் படிக்கும்போதெல்லாம், இந்த அம்மா நம் ஆள் என்று எனக்குத் தோன்றும்.

மரபணு வரிசைகளைச் சேர்த்து வைக்கும் ஜீன்பேங்க் தரவுத்தளம் 1982இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கியது. 1988 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு உயிர்த்தொழில்நுட்பத் தகவலுக்கான தேசிய மையத்தை, அதாவது நாம் என்.சி.பி.ஐ. என்று சொல்லும் அமைப்பை, உருவாக்கியது. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த முதிய உறுப்பினர் கிளாட் பெப்பர் அதற்காக முன்னின்று வாதாடியவர். அந்த மையத்தை எங்கே வைத்தார்கள் என்பதுதான் என் போன்றவர்களுக்கு முக்கியம். பெத்தெஸ்டாவில் இருக்கும் தேசிய மருத்துவ நூலகத்தின் ஒரு பிரிவாக வைத்தார்கள். 1992இல் ஜீன்பேங்க்கும் அங்கேயே வந்து சேர்ந்தது. வரிசைகளை ஒப்பிட உலகமே பயன்படுத்தும் பிளாஸ்ட் நிரலை 1990இல் வெளியிட்டவர்களில் அந்த மையத்தின் முதல் இயக்குநர் டேவிட் லிப்மனும் ஒருவர். 1997இல் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. ஒரு கட்டுரையிலிருந்து அதில் பேசப்படும் மரபணுவுக்கும், மரபணுவிலிருந்து புரதத்துக்கும், புரதத்திலிருந்து அடுத்த கட்டுரைக்கும் இன்று நாம் தாவிப் போவது இந்த ஏற்பாட்டால்தான்.

அந்தத் தேசிய மருத்துவ நூலகம் 1836இல் ராணுவத் தலைமை மருத்துவரின் அலுவலகத்தில் சில புத்தகங்களோடு ஆரம்பித்தது. அதைப் பெரிதாக்கிய ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவர் 1879இல் மருத்துவக் கட்டுரைகளுக்கான மாத அட்டவணையைத் தொடங்கினார். பப்மெட்டின் பாட்டனார் அது. இதே பில்லிங்ஸ்தான் மக்கள்தொகைக் கணக்கை இயந்திரத்தால் கூட்டலாமே என்று ஹெர்மன் ஹாலரித்திடம் பேச்சுவாக்கில் சொன்னவர். ஹாலரித் துளை அட்டை இயந்திரத்தைச் செய்தார். அவருடைய கம்பெனி பின்னாளில் ஐபிஎம்மில் கலந்தது. நூலகத்துக்கும் கணிப்பொறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு அலாதிப் பிரியம்.

சரி, தரவுத்தளம் ஒரு நூலகத்தின் கையில் இருப்பது ஒரு விஷயம். மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்திருக்கும் நூலகர் அதில் இறங்குவது வேறு விஷயம். இரண்டாவதை ஒழுங்காகச் செய்து காட்டிய முதல் இடங்களில் ஒன்று சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் நூலகம். 1995இல் அவர்கள் உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவரை நூலகத்துக்கே வேலைக்கு எடுத்தார்கள். வந்தவுடன் வகுப்பு எடு என்று அவரிடம் சொல்லவில்லை. ஆய்வுக் குழுக்களிடம் கருத்துக் கேட்டு, உங்களுக்கு எது தெரியவில்லை, எங்கே நேரம் போகிறது என்று விசாரிப்பதில் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து தனி ஆலோசனை, வகுப்புகள், வரிசைகளை அலசும் கருவிகளை எல்லோருக்கும் எட்டும்படி வைப்பது என்று மூன்று வேலைகள் பிறந்தன. ஸ்டூவர்ட் யார்ஃபிட்ஸும் டெப்ரா கெட்செலும் 2000இல் எழுதிய கட்டுரையில் இதெல்லாம் இருக்கிறது.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய தகவல் ஒன்று உண்டு. உதவி கேட்டு வந்தவர்கள் பல துறைகளிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அவர்களில் நோயாளிகளை வைத்து ஆய்வு செய்யும் மருத்துவர்களும் இருந்தார்கள். யோசித்தால் இது இயல்புதான். மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். குழந்தைகள் நலத் துறையிலோ தோல் மருத்துவத்திலோ இருக்கும் டாக்டருக்குப் பக்கத்து மேசை கிடையாது. எல்லாத் துறைக்கும் பொதுவாக, யாரும் யாரிடமும் கடன்படாமல் போய்க் கேட்கக்கூடிய இடம் கல்லூரியில் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொரு துறையின் பேராசிரியரிடம் போய் 'எனக்கு இது தெரியாது' என்று சொல்ல நம் ஊரில் எத்தனை பேருக்கு மனசு வரும்? கூட்டாசிரியராகப் பெயர் போட வேண்டியிருக்குமோ என்ற கவலை வேறு. நூலகரிடம் தெரியாது என்று சொல்வதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2002இல் இதை இன்னும் பெரிய அளவில் தொடங்கியது. அங்கே மருத்துவ அறிவியல் நூலகத்தின் மூலக்கூறு உயிரியல் தகவல் சேவையை நடத்தியவர் அன்சுமன் சட்டோபாத்யாய். அவரும் ஆய்வகத்திலிருந்து வந்தவர். கணினியில் செய்து பார்க்கும் பட்டறைகள், தனி ஆலோசனை, இணையத்தில் சிதறிக் கிடக்கும் கருவிகளையும் தரவுத்தளங்களையும் வகைப்படுத்திய பட்டியல் என்று நடந்தது. எனக்குப் பிடித்தது அவர்கள் மென்பொருள் வாங்கிய முறை. மரபணுப் பட்டியலைக் கொடுத்தால் எந்தெந்த உயிர்வேதி வழித்தடங்கள் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று காட்டும் வணிக மென்பொருள்கள் ஒரு ஆய்வகம் தனியாக வாங்கும் விலையில் இருப்பதில்லை. ஆராய்ச்சி இதழுக்குச் சந்தா கட்டுவது போலவே நூலகம் அதற்கும் உரிமம் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தது. ஒப்பந்தம் பேசுவது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே நுழையலாம் என்று பேரம் பேசுவது, பயன்பாட்டுக் கணக்கை வைத்து அடுத்த வருடம் தொடர்வதா என்று முடிவெடுப்பது, எல்லாம் நூலகர்கள் தூக்கத்திலும் செய்யும் வேலை. அதே கையெழுத்து இன்னொரு தாளில், அவ்வளவுதான்.

இந்த இரண்டு இடங்களிலும் உயிரியலாளரை நூலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. என்.சி.பி.ஐ.யில் இருந்த ரெனாட்டா கீரும், ஃப்ளோரிடா பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தின் மிஷெல் டெனன்ட்டும் நூலகர்களுக்கே மூலக்கூறு உயிரியல் தரவுத்தளங்களைச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களை நடத்தினார்கள். டெனன்ட் உயிரியலில் முனைவர், நூலக அறிவியலிலும் பட்டம் பெற்றவர். எது நல்ல வழி என்று அந்த வட்டாரத்தில் நெடுநாள் விவாதம் உண்டு. உயிரியல் தெரியாத நூலகர் என்ன ஆலோசனை சொல்வார் என்பது ஒரு கட்சி. முனைவரைக் கொண்டுவந்தால் அவர் தன் ஆய்வுக்குத் திரும்பிப் போய்விடுவார், நூலகத்தில் எதுவும் தங்காது என்பது இன்னொரு கட்சி. என் கணிப்பில், வரும் கேள்விகளில் பெரும்பங்கு பெயர், பதிப்பு, மூலம், தேடல் சார்ந்தவை. அதற்குப் பயிற்சி பெற்ற நூலகர் போதும். மிச்சத்துக்கு உயிரியலாளர் வேண்டும்; ஆனால் அவர் நூலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், துறைக்குள் காணாமல் போய்விடக் கூடாது.

பதிப்பு என்றேன். அதைப் புரியவைக்க வகுப்பில் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கொரோனா. 2020 ஜனவரியில் வூஹான் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த வைரஸின் முதல் முழு வரிசை ஜீன்பேங்க்கில் ஓர் அக்சஷன் எண்ணோடு, அதாவது பதிவு எண்ணோடு, ஏறியது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் 1. அதன் நீளம் 30,473 எழுத்துகள். துண்டுகளைக் கோத்தபோது வால்பக்கத்தில் மனித டிஎன்ஏ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நோயாளியின் நுரையீரல் திரவத்திலிருந்து எடுத்த மாதிரி என்பதால் இது நடக்கக்கூடியதுதான். சில நாட்களில் திருத்தினார்கள். மூன்றாம் பதிப்பில் நீளம் 29,903. இன்று உலகம் முழுவதும் ஒப்பிடுவது அந்த 29,903 எழுத்துகளோடுதான். முதல் பதிப்பு அழிக்கப்படவில்லை, இன்றும் எடுத்துப் பார்க்கலாம். அக்சஷன் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டால், எதோடு ஒப்பிட்டோம் என்பதே தெரியாது. ஆய்வேட்டில் பாடப் புத்தகத்தின் பதிப்பு எண்ணைத் தவறாமல் போடும் மாணவர்கள் இந்தப் புள்ளியை மட்டும் ஏனோ வெட்டிவிடுகிறார்கள். நான் அதை விடுவதில்லை.

ஜீன்பேங்க்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அது ஒரு ஆவணக் காப்பகம். ஆய்வாளர் கொண்டுவந்து தந்ததை அவர் பெயரில் வைத்திருக்கும். பொதுவாக, திருத்தும் உரிமை தந்தவருக்கு மட்டும்தான். ஒரு பூஞ்சைக்குத் தப்பான பெயர் போட்டுப் பத்து வருடம் முன்பு யாரோ பதிவேற்றியிருந்தால் அந்தப் பெயர் அப்படியேதான் கிடக்கும். நுண்ணுயிரியல் துறை மாணவர்கள் வளர்த்த பூஞ்சையின் வரிசையை பிளாஸ்ட்டில் போட்டு, மேலே முதலாவதாக வரும் பெயரை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிடுவார்கள். "முதல்ல வந்ததுதானே மேடம் ரொம்பப் பொருந்துறது?" பொருந்துகிறது, சரி. ஆனால் பொருந்துகிற அந்தப் பதிவை நம்பலாமா என்பது வேறு கேள்வி. அந்த இனத்துக்குப் பெயரிடும்போது அடையாளமாக வைத்த வகைமாதிரியிலிருந்து எடுத்த வரிசையா என்று பார்க்க வேண்டும், என்.சி.பி.ஐ. அதைக் குறித்தே வைத்திருக்கிறது. ரெஃப்சீக் என்ற தொகுப்பு இதிலிருந்து வேறு. அது என்.சி.பி.ஐ. தானே தேர்ந்தெடுத்து, ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் மேற்கோள் (ரெஃபரன்ஸ்) தொகுப்பு. காப்பகத்துக்கும் மேற்கோள் நூலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நூலக அறிவியல் படித்தவருக்கு விளக்கவே வேண்டாம். மருத்துவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

பிளாஸ்ட் முடிவில் வரும் இ-மதிப்பு என்னும் எண்ணும் இப்படித்தான். தற்செயலாக இந்த அளவு பொருத்தம் எத்தனை தடவை வரலாம் என்பதன் கணிப்பு அது. தேடும் தரவுத்தளம் எவ்வளவு பெரியதோ அதைப் பொறுத்து மாறும். தரவுத்தளமோ நாளுக்கு நாள் வளர்கிறது. போன வருடம் தேடியவருக்குக் கிடைத்த எண் இந்த வருடம் தேடினால் கிடைக்காது. ஆகவே எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி, என்ன அமைப்புகள் என்று எழுதி வைக்கச் சொல்வேன். முறைசார் மீளாய்வுக் கட்டுரைக்குத் தேடல் உத்தியைப் பதிவு செய்வதற்கு நாங்கள் பழகிய ஒழுங்குதான் இது. வேறு யாரும் இதைச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. துறையில் கருவியைச் சொல்லித் தருவார்கள், குறிப்பு எழுதச் சொல்லித் தர மாட்டார்கள்.

எக்ஸல் கதையைச் சொன்னால் வகுப்பில் எப்போதும் சிரிப்பு வரும். செப்டின் குடும்பத்து மரபணுவை 'செப்ட் 2' என்று தட்டினால் எக்ஸல் அதை செப்டம்பர் 2ஆம் தேதியாக மாற்றிவிடும். 'மார்ச் 1' என்ற மரபணு மார்ச் முதல் தேதியாகும். 2004இலேயே ஒரு குழு இதை எச்சரித்தது. 2016இல் மார்க் சீமனும் சகாக்களும் பார்த்தபோது, எக்ஸலில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இறங்கிவந்து அந்த மரபணுக்களின் பெயரை மாற்றியது. மூன்று வருடம் கழித்துத்தான் மைக்ரோசாஃப்ட் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்க ஒரு வசதி கொடுத்தது. சிரித்து முடித்ததும் தங்கள் பட்டியலைத் திறந்து பார்க்கிறவர்கள் உண்டு.

பெயர்க் குழப்பம் நோயாளி வரைக்கும் போகக்கூடியது. பிஎஸ்ஏ என்றால் சிறுநீர்ப்பாதை (யூராலஜி) டாக்டருக்கு புரோஸ்டேட் பரிசோதனை. அதற்குரிய மரபணுவின் அதிகாரப்பூர்வப் பெயர் கே.எல்.கே.3. ஆனால் பியூரோமைசினுக்கு உணர்வுள்ள ஒரு நொதிக்கும் அதே பிஎஸ்ஏ என்ற சுருக்கம் ஆய்வுக் கட்டுரைகளில் புழங்குகிறது. அதன் மரபணு முற்றிலும் வேறு. வெறும் சுருக்கத்தை வைத்துத் தேடியவருக்கு இரண்டும் கலந்து வரும். கட்டுரையைப் படித்து, இது எந்த மரபணுவைப் பற்றியது என்று தீர்மானித்து, மரபணுவின் பதிவிலேயே ஒரு வரிக் குறிப்பு எழுதும் வேலையைத் தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணைப்படுத்துநர்கள் 2002 முதல் செய்துவந்தார்கள். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளைப் படித்திருப்பார்கள். எழுதியவர்கள் நூலகத்துக்காரர்கள் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 2022இல் பப்மெட்டின் மையத் தொகுப்பான மெட்லைன் கட்டுரைகளுக்குப் பொருள் தலைப்பு இடும் வேலை தானியங்கியாகிவிட்டது. வேகம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. பிஎஸ்ஏ போன்ற இடங்களில் ஒரு மனிதக் கண் இருப்பது எனக்கு இன்னும் தேவையாகத்தான் படுகிறது.

நூலகர் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் பேசியாக வேண்டும். ஒருவர் நோயாளியின் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டை நேராக என்னிடம் கொண்டுவந்து, "இந்த மாற்றம் ஆபத்தானதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னுடையது அல்ல, மருத்துவ மரபியல் நிபுணருடையது. ஆனால் மரபணு மாற்றங்களுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் பதிந்து வைக்கும் கிளின்வார் தரவுத்தளத்தில் அந்த மாற்றத்தின் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதில் நட்சத்திரங்கள் இருக்கும். நான்கு நட்சத்திரம் என்றால் சிகிச்சை வழிகாட்டு நெறியாக ஏற்கப்பட்டது. ஒன்றுமே இல்லையென்றால், எந்த அடிப்படையில் சொல்கிறோம் என்று தெரிவிக்காமல் யாரோ சமர்ப்பித்தது. 'நோய்க்குக் காரணம்' என்ற சொல்லை மட்டும் பார்க்காமல் அந்த நட்சத்திரத்தையும், மதிப்பிட்ட தேதியையும் பார்க்கச் சொல்வேன். ஆய்வகங்களுக்குள்ளே கருத்து வேறுபாடு இருந்தால் அதுவும் அங்கே எழுதியிருக்கும். அதேபோல, ஆர்என்ஏ வரிசைத் தரவை அலசிக் கொடுங்கள் என்று வந்தால், கேலக்ஸி போன்ற இலவசத் தளத்தைக் காட்டி ஆரம்பித்து வைக்கலாம். மாதிரி எண்ணிக்கை சரியா, எந்தப் புள்ளியியல் சோதனை என்பதற்கெல்லாம் புள்ளியியலாளரிடம்தான் அனுப்ப வேண்டும். எல்லாம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளும் நூலகரை மருத்துவர்கள் இரண்டாம் தடவை தேடி வர மாட்டார்கள்.

இனி நம் ஊர் நிலைமை. இந்தியா இதில் பின்தங்கித் தொடங்கிய நாடு இல்லை. என்.சி.பி.ஐ. பிறப்பதற்கு முன்பே, 1986-87இல், மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை ஒரு தேசிய வலையமைப்பைத் தொடங்கிவிட்டது. முதலில் அமைந்த மையங்களில் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில். அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் உயிர்த்தொழில்நுட்பத் தகவல் அமைப்பு. பெயரில் தகவல் இருந்தது; ஆனால் மையங்கள் அமைந்தது அறிவியல் துறைகளில். அவை நல்ல ஆய்வாளர்களையும், உயிர்த்தகவலியல் படித்த தலைமுறைகளையும் உருவாக்கின. மருத்துவக் கல்லூரி நூலகங்கள் அந்த வலைக்கு வெளியே நின்றுவிட்டன. அந்தப் பக்கம் கணினி, இந்தப் பக்கம் புத்தகம் என்று நடுவில் ஒரு சுவர். அமெரிக்காவில் தற்செயலாகவோ திட்டமிட்டோ இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்ததன் பலனைப் பார்த்த பிறகு, இந்தச் சுவரின் விலை எனக்குப் பெரிதாகவே தெரிகிறது.

இதற்கிடையே நல்லதும் நடக்காமல் இல்லை. 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்தது. நம் நாட்டு ஆய்வுத் தரவுகளை நம் நாட்டிலேயே வைக்க ஓர் இடம் வந்தது. 2025 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்தன. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். தனியார் கல்லூரிகள் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. இதழ் கிடைத்துவிட்டால் நூலகருக்கு இனி என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில் கேள்விகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. கட்டுரை கையில் கிடைத்தவர் அதன் துணைக் கோப்பைத் திறக்கிறார், அதில் இருக்கும் முகவரி எந்தப் பதிப்பு என்று தெரியாமல் விழிக்கிறார், நூலகத்துக்கு நடந்து வருகிறார்.

எங்கள் நூலகத்தின் டிஜிட்டல் பிரிவில் மேற்படிப்பு மாணவர்களுக்கு அவ்வப்போது அரைநாள் வகுப்பு நடத்துகிறேன். பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு மரபணு, தங்கள் ஆய்வேட்டிலிருந்தே. அதன் அதிகாரப்பூர்வப் பெயரைக் கண்டுபிடி. மாற்றுப் பெயர்களை எழுது. மேற்கோள் வரிசையைப் பதிப்பு எண்ணோடு குறி. ஒரு மாற்றத்தை இரண்டு மரபணுத்தொகுதிப் பதிப்பிலும் காட்டு. கிளின்வாரில் நட்சத்திரம் பார். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். வார்டு டூட்டி இருப்பதால் பாதிப் பேர் நடுவில் எழுந்து போய்த் திரும்பி வருவார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு படியையும் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறேன். அந்தத் தாளை வாங்க வகுப்புக்கே வராத உதவிப் பேராசிரியர்களும் வருகிறார்கள். "பசங்களுக்குக் கொடுக்கத்தான்" என்பார்கள். நான் ஒன்றும் கேட்பதில்லை.

நூலகத்துக்கு ஒரு உயிர்த்தகவலியல் பணியிடம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து, கூடவே நூலக அறிவியலும் படித்தவர்கள் கிடைக்காமல் இல்லை. விண்ணப்பம் போட்டால் வருவார்கள். யோசனை பிடித்திருக்கிறது என்றே சொன்னார்கள். பணியிடப் பட்டியலில் நூலகர், உதவி நூலகர், ஆவணக்காரர் என்றுதான் இருக்கிறதாம். இவரை எந்தப் பெயரில், எந்தச் சம்பள நிலையில் சேர்ப்பது என்று கேட்டுக் கோப்பு நிதிப் பிரிவுக்குப் போயிருக்கிறது. அதுவரைக்கும் உதவி நூலகர் ஒருவருக்கு ரெஃப்சீக்கும் கிளின்வாரும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்ட் அவர் தானாகவே கற்றுக்கொண்டுவிட்டார்.